செதில் கொட்டும் சஹன்கள்

சாமான் பார்த்து வாங்குவதில் பதுளையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் புருஷனின் நினைப்பு. ஜுனைதீன் முதலாளி விரல் முட்டியால் தட்டிப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார் என்று கடைத்தெருவிலும் அப்படியே சொல்லிச் சொல்லி அவர் தலையில் ஏற்றி வைத்திருந்தார்கள். மண்சட்டியைத் தட்டுவார், செம்பைத் தட்டுவார், பீங்கானைத் தட்டுவார். என்னைக் கலியாணம் முடிக்கும்போது மட்டும்தான் தட்டிப் பார்க்கவில்லை. அந்தக் குறையை இருபது வருஷமாக வாயால் தீர்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கொழும்பிலிருந்து தருவித்த இருபத்திநாலு இனாமல் சஹன்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சஹன் என்றால் ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடும் பெரிய தட்டம். எங்கள் ஆட்களின் விருந்தெல்லாம் அதைச் சுற்றித்தான். முன்பெல்லாம் ஈயம் பூசிய செம்பு சஹன்கள். இவை இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடியை உருக்கிப் பூசியவை. பால் வெள்ளை, விளிம்பில் நீலக் கோடு. அப்போது ரயில் பண்டாரவளைக்கு இப்பால் வராது. அங்கிருந்து மாட்டு வண்டியில், வைக்கோல் சுற்றி, இரண்டு பெட்டிகளில் வந்து இறங்கின. இவர் முற்றத்தில் குந்தி ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒவ்வொன்றும் கணீரென்றது.

"பாத்தியா ஸுபைதா, இதுதான் சாமான்" என்றார்.

எங்கள் ஒரே மகள் பலீலாவின் கலியாணத்துக்கு இன்னும் முப்பது நாள் இருந்தது. பண்டாரவளை இத்ரூஸ் முதலாளியின் இரண்டாவது மகன் ஸரூக்தான் மாப்பிள்ளை. நிச்சயத்துக்கு இதே மாதிரி இரண்டை முன்னமே அனுப்பியிருந்தோம். இந்த இருபத்திநாலு சஹனும் மகளோடு அந்த வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. வெள்ளை இனாமல் சஹனில் அங்கே விருந்து நடக்கும் என்று இவர் பள்ளிவாசல் வாசலில் நின்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார்.

பலீலா அவற்றைக் கழுவித் துடைத்து உள்ளறையில் அடுக்கினாள். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால் மேலே இருந்த சஹனில் நகத்தளவு கறுப்பாக ஒரு பிறை. அந்த இடத்தில் பூச்சு பெயர்ந்திருந்தது. கீழே பாயில் அதே அளவில் வெள்ளையாக ஒரு துண்டு கிடந்தது, மீன் செதில் மாதிரி. எடுத்தேன், விரலைக் கீறிவிட்டது. கண்ணாடி அல்லவா! மறுநாள் மூன்று செதில். அதற்கு மறுநாள் எண்ணவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஆரு இடிச்ச?" என்றார் இவர்.

"ஒருத்தரும் இடிக்கல்ல."

"இடிக்காமக் கண்ணாடி ஒடயுமா? நான் தட்டிப் பாத்து வாங்கின சாமான். கழுவின ஆரு?"

"பலீலாதான்."

"அதுதானே பாத்தேன். அவட கை அப்பிடி. போற எடத்திலயும் இப்பிடித்தான் ஒடச்சிக்கொண்டு நிப்பா."

பதினேழு வயதுப் பிள்ளை குசினிக் கதவோரம் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் கோபத்துக்கு அடியில் பயமும் இருந்தது, அதை மறைப்பானேன்? மாப்பிள்ளையின் உம்மா ரஹ்மத்தும்மா கெட்ட மனுஷி இல்லை. ஆனால் அவர் வீட்டில் ஒரு கோப்பையின் காது உடைந்தால் உடைத்தவளின் பெயரை ஐந்து வருஷத்துக்கு மறக்க மாட்டார் என்று கேள்வி. புதுப் பெண் கொண்டுபோன சஹன், புதுப் பெண் கழுவும் சஹன், சோற்றுக்குள் கண்ணாடிச் செதிலைக் கொட்டினால் யாருக்குப் பேர் வரும்? கையில் பதம் இல்லாதவள் என்று முதல் மாசத்திலேயே என் மகளுக்குப் பேர் வைத்துவிடுவார்கள். அந்தப் பேர் ஒரு தடவை ஒட்டினால் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் போகாது.

அதற்குப் பிறகு வந்த யோசனைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். இவருடைய தம்பி ஸமீம் வந்தார். பதுளைக் குளிர்தான் காரணம், வெயிலில் வையுங்கள் என்றார். வைத்தோம். உச்சி வெயிலில் 'டிக்', 'டிக்' என்று எங்கள் கண் முன்னாலேயே மூன்று செதில் தெறித்தது. அப்படியானால் சூடுதான் காரணம் என்று அதே வாயால் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மா இடிக்க வரும் நல்லம்மா, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து வருபவள், கண்ணூறு என்றாள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். மிளகாய் புகைந்து நாங்கள் எல்லோரும் இருமினோம். சஹன் தன்பாட்டுக்குக் கொட்டியது.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். புதுச் சட்டியைக் கஞ்சி காய்ச்சிப் பழக்காமல் எந்தப் பெண் அடுப்பில் வைப்பாள்? இவற்றையும் பழக்கவில்லை, அதுதான் குறை என்று எனக்குப் பட்டது. பெரிய அண்டாவில் அரிசிக் கஞ்சியும் தேங்காய் எண்ணெயும் விட்டு, எட்டு சஹனை இறக்கி, அரை நாள் கொதிக்கவைத்தேன். காலையில் பார்த்தால் அந்த எட்டிலிருந்து மட்டும் ஒரு கை நிறையச் செதில்! மண்சட்டிக்குச் செய்யும் வேலையைக் கண்ணாடிக்குச் செய்த என் புத்தியை என்ன சொல்ல! இவருக்கோ கொண்டாட்டம். சாப்பிட உட்காரும்போதெல்லாம் குழம்புச் சட்டியைக் காட்டி, "இண்டைக்கி என்ன ஆணம்? சஹன் அவிச்சதா?" என்றார். இரண்டு நாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினேன்.

அதைக்கூடப் பொறுக்கலாம். அந்த வாரம் ஸமீமுக்குத் தண்ணீர் கொண்டுபோன பலீலா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்குவது மாதிரி அடி மேல் அடி வைத்து நடந்தாள். பார்க்கப் பொறுக்காமல், "கையப் பாத்து வை புள்ள!" என்று கத்திவிட்டேன். அவள் கிளாஸை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இவர் சொன்னதையே நானும் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

மறுநாள் குசினியில் பழைய சஹன்களை அடுக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய ஆறு இனாமல் சஹன் எங்களிடம் இருந்தன. அதே வெள்ளை, அதே நீலக் கோடு, அடியில் அதே நங்கூர முத்திரை. அவற்றை நாங்கள் படுத்தாத பாடில்லை. கல்லில் போட்டிருக்கிறோம், சாம்பல் போட்டுத் தேய்த்திருக்கிறோம், ஒன்று கிணற்றடியில் உருண்டு விளிம்பு நெளிந்தே போயிருந்தது. விழுந்த இடத்தில் மட்டும்தான் பூச்சு போயிருந்தது. தானாக ஒரு செதில் உதிர்ந்ததில்லை. நாங்கள் எல்லோரும் பூச்சையும் கழுவின கையையும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பூச்சு இரண்டிலும் ஒன்றுதான். அப்படியானால் பூச்சுக்குக் கீழே இருப்பதில் அல்லவா வித்தியாசம் இருக்க வேண்டும்?

இரும்பைப் பற்றி யாரிடம் கேட்பது? நல்லம்மாவின் அண்ணன் இராமையா பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ஆலையில், பட்டறை வேலை பார்ப்பவர். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திகளுக்குச் சாணை பிடிப்பதும், மெஷினில் உடைந்ததை ஒட்டுவதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு வந்தவரை நல்லம்மா எங்கள் பின்முற்றத்துக்குக் கூட்டிவந்தாள். நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று விஷயத்தைச் சொன்னேன். நெளிந்துபோன பழைய சஹனையும், கஞ்சியில் அவித்த புதியதில் ஒன்றையும் நல்லம்மா எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்டினாத்தான் தெரியுங்க அம்மா. வெட்டட்டுங்களா?"

"வெட்டுங்க."

"மொதலாளி ஏசுவாருங்களே."

"அவர் எப்பிடியும் ஏசுவார். நீங்க வெட்டுங்க."

விளிம்பில் உளியை வைத்து இரண்டிலும் ஒரே அளவு வெட்டினார். வெட்டின இடத்தை உரலின் ஓரத்தில் கொடுத்து முன்னும் பின்னும் வளைத்தார். பழையது முருங்கைப் பட்டை மாதிரி நார் நாராகக் கிழிந்தது, நாருக்கு இடையில் கறுப்புக் கோடுகள். புதியது வளைந்து வளைந்து கொடுத்தது. கடைசியில் ஒடிந்தபோது ஒடிந்த இடம் சுத்தமாக, சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

"பழசு அந்தக் காலத்து இரும்புங்க. உள்ளுக்குக் கசடு இருக்கு, அதான் நார் நாரா வருது. புதுசு உருக்குங்க. ஒரு பொட்டு அழுக்குக் கெடையாது."

"அப்ப புதுசுதானே நல்லது?"

"தட்டி வளைக்கிறதுக்கு நல்லதுங்க. கண்ணாடி பூசறதுக்கு ஆகாது போல. எங்க ஸ்டோருல இதே மாதிரி கண்ணாடி பூசின பேர்ப்பலகை ரெண்டு மாட்டியிருக்கு. பழைய பலகை பதினஞ்சு வருசமா அப்படியே நிக்கிது. போன வருசம் வந்தது இப்பிடித்தான் செதில் செதிலாக் கொட்டுச்சு. பயலுக கல்லெறியிறானுகன்னு தொரை வாச்சரை ஏசு ஏசுன்னு ஏசினாரு. பலகைய உள்ள கொண்டாந்து சாக்குல சுத்தி வச்சோம், சாக்குக்குள்ளயும் கொட்டுச்சு. அப்பறந்தான் நான் அதையும் வெட்டிப் பாத்தேன். இதே உருக்குதாங்க."

"ஏன் அப்பிடி?"

ஒடிந்த துண்டை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டார். "படிச்சவங்க என்ன சொல்வாங்களோ தெரியாதுங்க. எனக்குப் படறதச் சொல்றேன். கண்ணாடி பூசி நெருப்பு ஒலையில வைக்கயில இரும்பு எதையோ உள்ளுக்கு உறிஞ்சிக்கிது, காத்து மாதிரி. ஆறினப்பறம் அது வெளிய வரப் பாக்குது. பழசுல கசட்டுக்குப் பக்கத்துல சந்து இருக்கு, அதுல ஒதுங்கிக்கிது. புதுசுல ஒதுங்க எடமில்ல. மேல கண்ணாடி மூடியிருக்கு. அது எங்கங்க போகும்? கண்ணாடியத் தள்ளிக்கிட்டுத்தான் வரும். அஞ்சு நாள்லயும் வரும், அம்பது நாள்லயும் வரும்."

எனக்கு அது நன்றாக விளங்கியது. ஒதுங்க இடமில்லாமல் அடைத்து வைத்த பேச்சு என் நெஞ்சிலும் கொஞ்சம் இருந்தது.

"கழுவினவட பிழை இல்லயே?"

"கழுவாம வச்சிருந்தாலும் கொட்டியிருக்குங்க" என்றார்.

அவர் போனதும் பலீலாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று நினைத்தேன். "வாப்பா நம்ப மாட்டார் உம்மா" என்று மட்டும் சொன்னாள்.

வாப்பா நம்பவில்லை. சஹனை வெட்டிவிட்டோம் என்பதுதான் அவர் கண்ணில் பட்டது. அரை மணி நேரம் கூச்சல். "கழர்றது கண்ணாடி. இரும்புக்கு என்ன வந்த? கொல்லன்ட பேச்சக் கேட்டு என்ட சாமான வெட்டிட்டியே!"

"அப்ப ஒண்டு செய்யுங்க" என்றேன். "கடை அலுமாரியில நல்ல புதுசு ஆறும் பழசு அஞ்சும் வச்சுப் பூட்டுங்க. சாவிய உங்கட இடுப்புப் பட்டியில வச்சுக்கொள்ளுங்க. வியாழக்கிழமை தொறந்து பாருங்க. நானோ மகளோ கடப் பக்கமே வர மாட்டோம்."

தான் ஜெயிக்கப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் உடனே எடுத்துக்கொண்டு போனார். புதியவற்றில் செதில் போகாதவையாகப் பார்த்து, ஆறையும் தானே தெரிவு செய்து வைத்தார். வியாழன் மதியம் சாப்பாட்டுக்கு வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அலுமாரிக்குள்ள எலி போயிருக்கும்" என்றார்.

"எலியா?"

"எலிதான்."

"பழசப் பக்கத்தில வச்சிருக்க, புதுசில மட்டும் கொறிக்கிற எலி! அதுக்கும் தட்டிப் பாக்கத் தெரியும் போல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கையைக் கழுவிவிட்டு வெகுநேரம் துடைத்தார். பிறகு தணிந்த குரலில், "நாலில செதில் போயிருக்கி" என்றார். "நீ சென்னது சரிதான். ஆனா வெளியில ஒருத்தரிட்டயும் மூச்சு விடாத. சாமான் போகட்டும். அவங்களிட்டச் சென்ன சென்னதுதான்."

"போய் அங்க கொட்டினா?"

"அது அவங்கட வீட்டு விஷயம்."

"அங்க கழுவப் போறது உங்கட மகள்!"

"தட்டிப் பாத்து வாங்குறவன் ஜுனைதீன் எண்டு ஊரே செல்லுது. கெட்ட சாமான வாங்கிட்டேன் எண்டு சம்பந்திக்கு முன்னால போய் நிக்கச் செல்றியா?"

"அப்ப மகள்ட கைதான் கெட்டது எண்டு அவங்க செல்லட்டுமா?"

தொப்பியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். நம்பாதபோது வந்த கோபத்தைவிட, நம்பிய பிறகும் இப்படிச் சொன்னாரே என்று வந்த கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவருக்குத் தன் விரல் முட்டியின் பேர் பெரிது. மகளின் பேர் அதற்குப் பிறகுதான்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சாமான் பார்க்க வந்தார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம். கலியாணத்துக்கு முன் அந்த வீட்டுப் பெண்கள் வந்து, மகளோடு போகும் சாமான்களைப் பார்த்து, மஞ்சள் சோறு சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கூண்டு வண்டியிலிருந்து ரஹ்மத்தும்மா இறங்கினார். கூடவே அவருடைய மூத்த மருமகள் லரீபாவும் இன்னும் இரண்டு பெண்களும். இத்ரூஸ் முதலாளியும் வந்திருந்தார். ஆண்கள் முன்மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு சீலைதான், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

சஹன்களை நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இவரே காலையில் அடுக்கி வைத்திருந்தார், நல்லவை மேலே, செதில் போனவை அடியில். ரஹ்மத்தும்மா பெட்டகத்தைப் பார்த்தார், பாய் தலையணையைப் பார்த்தார், குத்துவிளக்கின் அடியைக்கூடத் திருப்பிப் பார்த்தார். பிறகு சஹன்களுக்கு முன்னால் உட்கார்ந்தார். பலீலா அறையின் அடுத்த மூலையில், சுவரோடு சுவராக, சீலைத் தலைப்பை நெற்றிவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். சஹனுக்கும் அவளுக்கும் நடுவில் பத்து முழமாவது இருக்கும்.

'டிக்.'

எல்லோருக்கும் கேட்டது. மேலே இருந்த சஹனிலிருந்து ஒரு செதில் தெறித்து ரஹ்மத்தும்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் பாயில் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். சஹனைப் பார்த்தார். யாரும் வாய் திறப்பதற்கு முன் மூலையிலிருந்து குரல் வந்தது.

"நான் கை வைக்கல்ல" என்றாள் பலீலா.

அவளை யாரும் கேட்கவில்லை. பத்து முழத்துக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டிக்கொண்டு சொல்கிறாள். கலியாணப் பெண்ணை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோமே! சம்பந்தி இருக்கிறார், சபை இருக்கிறது என்று எதையும் நான் யோசிக்கவில்லை.

"பலீலாட வாப்பா!" என்று சீலையைப் பார்த்துக் கத்தினேன். "மகள் சென்னது கேட்டதா?"

அந்தப் பக்கம் வெற்றிலைத் தட்டத்தை யாரோ கீழே வைத்த சத்தம் கேட்டது. எலி என்று சொல்லப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். சொன்னால் சீலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்தப் பக்கம் போவது என்றும் நினைத்தேன்.

இவர் தொண்டையைச் செருமினார்.

"சம்பந்தி, நானே செல்லிப்போட்றேன். அந்த சஹன்கள் கெட்ட சாமான். நான்தான் பாத்து வாங்கின. மேல பூச்சு நல்லம், உள்ளுக்கு உருக்கு சரியில்ல. அத ஆரும் இடிக்கத் தேவயில்ல, தொடத் தேவயில்ல, தானாக் கொட்டும். பூட்டி வச்சும் பாத்துட்டேன். என்ட மகள்ட கையில ஒரு பிழையும் இல்ல."

பலீலா கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ரஹ்மத்தும்மா செதிலை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நிச்சயத்துக்கு நீங்க அனுப்பின ரெண்டு சஹனும் இதேதானே?" என்று என்னைக் கேட்டார்.

"அதேதான் மதினி. அதையும் அதே எடத்திலிருந்து இவர்தான் தருவிச்ச."

"அதுவும் இப்பிடித்தான்" என்றார். அவர் கண் லரீபாவின் பக்கம் போய், அங்கே நிற்க முடியாமல் திரும்பிவிட்டது.

வந்ததிலிருந்து வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த லரீபா எழுந்தாள். ஆண்கள் இருக்கும் பக்கம் ஒரு மருமகள் பேசுவது வழக்கமில்லை. அவள் சீலைக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"மாமா" என்று என் புருஷனைக் கூப்பிட்டாள். "இப்ப சென்னத இன்னொருக்காச் செல்லுங்க. அந்த ரெண்டையும் நான் ஒடச்சேன் எண்டு ரெண்டு மாசமா எனக்கு ஏச்சு. மாமிக்கி நல்லாக் கேக்கோணும்."

இவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார், இந்த முறை கொஞ்சம் உரக்க.